எட்டு முகம் கண்ட கத்தி

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று கத்தரிக்கோல் மட்டும் ஒன்பது. தையற்காரர்கள் சொல்லி வைத்தாற்போல ஒரே நாளில் வந்து நிற்கிறார்கள். நடுவில் பெரியவர், அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணன், காகிதத்தில் சுற்றிய எதையோ என் சாணைக்கல் பக்கத்தில் வைத்து, "அவளுக்குத் தெரிய வேணாம்மா" என்று சொல்லிவிட்டு நழுவினார். பிரித்தால் மடக்குச் சவரக்கத்தி! முதல் சம்பளத்தில் வாங்கியதாம். அலகு முழுக்கத் துரு. கொம்புப் பிடி மட்டும் ராஜா மாதிரி இருக்கிறது. 28ஆம் தேதி ஓய்வு பெறுகிறார். அன்று காலை இதில் சவரம் செய்துகொண்டுதான் கடைசி நாள் வேலைக்குப் போக வேண்டுமாம்.

'அவள்' என்றது என் ஓரகத்தியை. வாயால் அக்கா என்று கூப்பிடுகிறேன். இந்த நோட்டில் அவள் பெயர் சோப்பு. பத்தொன்பது வருடமாக ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் வேலை. நான் கழுவி வைத்த தட்டையும் ஒரு தடவை கழுவித்தான் சாப்பிடுவாள்.

ஆனால் அவள் பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. பெரியவருக்குச் சர்க்கரை. போன வருடம் தாடையில் பிளேடு கீறி, அது சீழ் பிடித்துப் பதினோரு நாள் ஆஸ்பத்திரி. அன்றிலிருந்து அவருக்கு ஷேவிங் மெஷின்தான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

துரு போயே போச்சு. அலகில் என் மூக்குத்தி தெரிகிறது. என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது சோப்பு வந்து நின்றாள். கத்தியைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். எதில் கழுவினாய் என்று கேட்டாள். நன்றாகத் துடைத்தேன் என்றேன்.

"கல்யாணத்துக்கு முன்னால ஒரே ரூம்ல எட்டு பேர் இருந்தப்ப எல்லாரும் இதுலதான் ஷேவ் பண்ணாங்களாம். பளபளப்பு வேற, சுத்தம் வேற."

கத்தியை எடுத்துப் பார்த்துக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். கத்தினால்கூடத் தேவலை.

பிப்ரவரி 10, திங்கள்

சுத்தம்தானே வேணும், காட்டறேன்னு பிளீச்சிங் பவுடர் கரைச்ச தண்ணியில அலகை முக்கி வச்சேன். மத்தியானம் எடுத்தா விளிம்பு பூரா கறுப்புப் புள்ளி. அரிச்சிருக்கு. நானே கெடுத்துட்டேன் — சாணை பிடிக்கிற கைன்னு என்ன திமிர் எனக்கு? பெரியவர்கிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது?

பிப்ரவரி 11, செவ்வாய்

கத்தியைக் காகிதத்தில் சுற்றிச் சாணைக்கல்லுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

சொல்லிவிட்டேன். அவரிடம் இல்லை, அவளிடம். ஒரு பாட்டு விழும் என்று காத்திருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் போய் என் பூதக்கண்ணாடியை வைத்து மெதுவாகப் பார்த்தாள்.

"ஆழமில்ல. நீ கல்லுல எடுத்துருவ. அப்புறம் நான் கழுவறேன்."

நீ எடுத்துருவ. மழை வரும் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். இருபது வருடத்தில் என் வேலையைப் பற்றி அவள் சொன்ன முதல் வார்த்தை.

பிப்ரவரி 16, ஞாயிறு

புள்ளியெல்லாம் கல்லில் எடுத்தாயிற்று. அலகு ஒரு மயிரிழை குறைந்தது. தோல் வாரில் தீட்டிக் கொடுத்தேன்.

அக்கா முதலில் அலகைத் தொடவேயில்லை. ஒரு வெள்ளை நூலை எடுத்து, அலகும் பிடியும் சேருகிற ஆணியடியில் நுழைத்து இழுத்தாள். கன்னங்கரேலென்று வந்தது! கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டேன் என்று நான் பீற்றிக்கொண்ட கத்திக்குள் எட்டுப் பேரின் பழைய சோப்பும் ரோமமும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் முகம் சுளிக்கவில்லை. அழுக்கு இருக்கும்வரை எந்த மருந்தும் உள்ளே போகாது என்று மட்டும் சொன்னாள்.

வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு, மெல்லிய பல்துலக்கி. முதுகிலிருந்து விளிம்புப் பக்கமாக மட்டும் தேய்க்கிறாள், ஒருதடவைகூட எதிர்த்திசையில் கை போகவில்லை. பதினான்கு நூல் மாற்றினாள். பதினைந்தாவது வெள்ளையாக வந்தது. கொதிக்க வைத்தால் என்ன என்று கேட்டேன். கொம்பு கோணிக்கொள்ளும், ஆணிக்குள் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும் என்றாள். பிறகு அடுப்பு அணைந்திருக்கிறதா என்று எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து ஸ்பிரிட்டைத் திறந்தாள். நூற்றுக்கு எழுபது பங்குதான் ஸ்பிரிட், மீதி தண்ணீராம். சுத்த ஸ்பிரிட் வலுவானது என்றல்லவா நினைத்திருந்தேன்? அது சட்டென்று பறந்துவிடுமாம்; ஈரம் நின்றால்தான் கிருமி சாகுமாம். பிடியில் படாமல் அலகுக்கு மட்டும் நனைந்த துணியைச் சுற்றி, காயக் காய நனைத்து, கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். அப்புறம் துடைத்து, உலரவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய்.

விளிம்பில் ஒரு கீறல் இல்லை. என்ன கைடா சாமி! இத்தனை வருடம் ஒரே சமையலறையில் நின்றும் இந்தக் கையை நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 22, சனி

அக்கா டாக்டரிடமே கேட்டிருக்கிறாள். மெஷின்தான் நல்லது என்றாராம். அதைக் கேட்டதும் பெரியவர் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். 

பிப்ரவரி 27, வியாழன்

கத்தி அவள் அலமாரியில். கொடுப்பாளா? கேட்க எனக்குத் தைரியமில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

காலையில் பெரியவர் மெஷினை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் போனார். அக்கா அதை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டாள். தட்டில் நுரை, வெந்நீர்த் துணி, எண்ணெய் துடைத்து மறுபடி ஸ்பிரிட்டில் நனைத்து உலர்த்திய கத்தி.

"உக்காருங்க. பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது."

பத்தொன்பது வருடம் கத்தி கழுவியவள். ஒரு மனுஷன் மேல் கத்தி வைத்தது இன்றைக்குத்தான். தோலை இழுத்துப் பிடித்து, அலகைச் சாய்த்து, அங்குலம் அங்குலமாக இறங்கினாள். போன வருடத் தழும்புக்கு வந்தபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். அவள் நிறுத்தவில்லை. முடித்தபோது துணியில் நுரை மட்டும்தான் இருந்தது. பெரியவர் கன்னத்தைத் தடவிக்கொண்டே படி இறங்கினார். தெருமுனை திரும்பும்வரை தடவிக்கொண்டே போனார்.

அப்புறம்தான் அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.  டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை; நான்தான் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தேன்.

"நீயே கழுவிடு" என்றாள்.

நூல், சோப்பு, ஸ்பிரிட். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். அவள் கண்ணை மூடி அங்கேயே சாய்ந்திருந்தாள். எப்படிக் கழுவுகிறேன் என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.