சூரியனுக்கு வைத்த பொட்டு

ஒட்டுசுட்டான்
மாசி, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் நிருஷனுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம், மாடுகள் சுகம், நெல்லும் ஒருவழியாகச் சுகமாய் வீடு வந்து சேர்ந்துவிட்டது. நீயும் அந்தக் குளிருக்குள் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்கத் தான்தோன்றீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ பாதியில் சிரித்துப்போட்டு வேலைக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுவாய், கடிதமென்றால் இருந்து முழுக்க வாசிப்பாய்.

முதலில் உன்னைப் பற்றின ஊர்க்கதையைக் கேள். மகன் நோர்வேயின் வடக்குத் தொங்கலில் சோலர் கொம்பனியில் எஞ்சினியர் என்று பெருமையாய்ச் சொல்லித் திரிந்தேன், அங்கே கார்த்திகை முடியப் போகிற சூரியன் தை நடுவில்தான் தலைகாட்டும் என்று நீ சொன்னதையும் சேர்த்துச் சொன்னதுதான் நான் விட்ட பிழை. பக்கத்து வளவு வீரகத்தி அண்ணை சைக்கிளை நிறுத்திப்போட்டு, சூரியன் இல்லாத இடத்தில சோலர் கொம்பனியோ, உங்கட பொடியனை ஏஜென்சிக்காரன் நல்லா ஏமாத்திப்போட்டான் பிள்ளை என்று இரக்கப்பட்டார். நீ சொல்லித்தந்தபடியே, குளிருக்குள் சோலர் பனல் சூடேறாமல் நன்றாய் வேலை செய்யும், பனியில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தையும் பிடிக்கச் சுவரில் நிமிர்த்திப் பூட்டுவார்கள், கோடையில் நடுச்சாமத்திலும் வெயில் எறிக்கும் என்றெல்லாம் விளக்கினேன். கடைசிவரை தலையாட்டிக் கேட்டுவிட்டு, தாயையும் நல்லா நம்பவைச்சிருக்கிறான் என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

எங்களுக்கு வெயிலில் குறைவில்லை, யானையிலும் குறைவில்லை. ஐப்பசியில் ஒரு தொண்டு நிறுவனம் வந்து வயல்களைச் சுற்றி மின்வேலி போட்டுத் தந்தது, காவல் கொட்டில் கூரையில் ஒரு சோலர் பனல், கீழே பற்றரி. வேலி வரமுன்னமே கமிட்டி வந்துவிட்டது, செல்வநாயகம் தலைவர். திறப்புவிழாவில் வந்தவர் போனவர் எல்லாருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள், வேலிக்குப் போர்த்தாததுதான் குறை. ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, மார்கழி முழுக்க யானை வேலியடியில் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. எங்கள் ஒரு வருசச் சோறும் அடுத்த விதைப்புக்கு விதைநெல்லும் அந்தத் துண்டு வயலுக்குள்தான் நிற்கிறது என்று உனக்குத் தெரியும், அதனால் நானும் நிம்மதியாய் நித்திரை கொண்டேன்.

பிறகு பொங்கல் வந்தது. வாழைத்தோட்டக்கார அமராவதி ஒரு கதையை எடுத்துவிட்டாள், நாங்கள் முற்றத்தில பொங்குறம், எங்களைக் காப்பாத்துற சூரியன் அங்க கொட்டில் கூரையிலயல்லோ இருக்கிறார் என்று. உடனே முழுக் கமிட்டிக்கும் பக்தி வந்துவிட்டது. கொட்டிலடியில் பானை வைத்து, பனலுக்கு மஞ்சள் தண்ணி தெளித்து, திருநீற்றை மூன்று குறியாய் இழுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமப் பொட்டு வைத்து, மேலே மாவிலைத் தோரணமும் கட்டினார்கள். நல்ல காரியமென்றால் நான் நிற்கிற இடம் உனக்குத் தெரியும்தானே, பின்னால் மாட்டடியில் நின்றுதான் உனக்குப் படம் எடுத்து அனுப்பினேன். நீ மறுமொழியாய், அம்மா உடனே துடைக்கச் சொல்லுங்கோ, ஒரு மூலை மறைஞ்சாலே பனல் சோர்ந்துபோம், நாங்கள் இஞ்ச பனியை வழிச்சு வழிச்சே சாகிறம் என்று எழுதியிருந்தாய்.

நான் போய்ச் சொன்னேன். ஆர் கேட்டது? வைத்த பொட்டைத் துடைக்கிறதோ என்று செல்வநாயகத்தார் காதைப் பொத்தினார். அந்தக் கிழமை மழை மூட்டம் வேறு. பற்றரி படுத்துவிட்டது, வேலிக் கம்பியில் ஆடு வந்து முதுகைச் சொறிந்தது. யானை முதலில் அமராவதியின் வாழைக்குள் புகுந்தது, அடுத்த நாள் வீரகத்தி அண்ணையின் வயலில் அரைவாசியை உழக்கித் தின்றது, அதற்கடுத்த வரம்பு எங்களுடையது. கமிட்டி கூடி ஐயரைக் கேட்டது, அவர் தைப்பூசத்தன்று ஒரு அபிசேகம் செய்து பொட்டை இறக்குவம் என்றார். யானைக்கும் அதை அறிவித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

அடுத்த நாள் காலமை வாளியையும் பழந்துணியையும் எடுத்துக்கொண்டு ஏணி வைத்து ஏறிவிட்டேன். கீழே சனம் கூடிவிட்டது. செல்வநாயகம் குரலைத் தாழ்த்தி, பொறுங்கோ அக்கா, வேற ஆரும் எண்டாலும் பரவாயில்லை, நீங்கள் கை வைக்கிறது சகுனமில்லை என்றார். எனக்கு வந்த கோபத்தில் ஏணியே ஆடியது. நிருஷன்ர அப்பா செத்த அன்று என் நெற்றிப் பொட்டை அழிக்க ஒருத்தரும் தைப்பூசம் வரைக்கும் பொறுக்கவில்லை தம்பி, அண்டைக்கு உங்கட அம்மாதான் ஈரத்துணியோட முதல் வந்தவா என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். பிறகு ஒவ்வொரு கட்டமாய் ஆறுதலாய்த் துடைத்து முடித்தேன். அந்தச் சந்தனம் காய்ந்து இறுகிப்போய் நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது, துடைக்கும்போது அழுகையும் வந்தது, அதை ஏன் உனக்கு மறைப்பேன்.

பகல் வெயில் எறித்தது. அடுத்த இரவு யானை எங்கள் வரம்படிக்கு வந்து, வேலியில் முட்டி, பிளிறிக்கொண்டு காட்டுக்குள் ஓடியது. நெல்லை வெட்டிவிட்டோம். இப்ப பனல் துடைக்கிறதுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டுமென்று கமிட்டி ஏகமனதாய் என்னைத்தான் போட்டிருக்கிறது. வெளிக்கிடும்போது முழுவியளத்துக்கு நான் எதிர்ப்பட்டால் சகுனப்பிழையென்று திரும்பி வீட்டுக்குப் போகிற செல்வநாயகத்தார், வெள்ளிக்கிழமை விடிய முன்னமே படலையில் வந்து அக்கா என்று கூப்பிடுகிறார்.

பனிக்குள் கூரையில் ஏறும்போது இடுப்பில் கயிறு கட்டு, தலைக்கு எண்ணெய் வை, சும்மா கோப்பியைக் குடித்து வயிற்றைப் புண்ணாக்காதே. நீ தீர்க்காயுசாய், ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். ஆவணியில் உன் கலியாணத்துக்கு வரும்போது எனக்கென்று ஒன்றும் வாங்கி அலையாதே. வவுனியாவில் பெண் வீட்டார் சங்கடப்படுகிறார்கள், சடங்குக்குப் பெரியப்பாவும் பெரியம்மாவும் முன்னுக்கு நிற்கட்டுமோ என்று போனமுறை மெல்லக் கேட்டாய், நானும் ஓம் என்று சொல்லிவிட்டேன். அந்த ஓமை இப்ப திருப்பி எடுக்கிறேன். அவர்கள் எனக்குப் பக்கத்தில் நிற்கட்டும். உனக்கு முதல் அறுகரிசி போட்டு வாழ்த்துவது நான்தான், இதை வவுனியாவுக்கு நீயே போன் எடுத்துச் சொல்லு.

உன்னைப் பெற்ற அம்மா,
கமலாசனி