நீலக் கட்டம் போட்ட அளவுச் சட்டை

பேராவூரணி,
ஆடி 28.

அன்புள்ள நன்மாறனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். உன் இருமல் நின்றதா, புனே மழையில் நனையாமல் வகுப்புக்குப் போகிறாயா என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். கால்வாய்த் தண்ணீர் இந்த வருடம் நம் கடைமடை வரை வந்துவிட்டது, அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. புயலுக்குப் பிறகு நீங்கள் இருவரும் வைத்த தென்னங்கன்றுகளில் நான்கு பாளை விட்டிருக்கின்றன, என் மகன் கைராசி என்று தோப்புக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். போனில் சொன்னால் நீ பாதியிலேயே "சரிம்மா, வச்சிடுறேன்" என்பாய், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கடைசிவரை படி.

மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் வரமாட்டேன், பரீட்சை இருக்கிறது என்று எழுதியிருந்தாய். பரீட்சை கல்யாணம் முடிந்து அடுத்த மாதம்தான் என்பது எனக்குத் தெரியும். இலக்கியாவிடம் உன் மனதைச் சொல்லி இருபது நாளாகிறது, யோசித்துச் சொல்கிறேன் என்றதோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள் என்று முந்தைய கடிதத்தில் நீதான் எழுதினாய். அவள் அப்பா மாமாவுக்குப் பழைய கூட்டாளி, அவர்கள் வீடும் நம் வேனில்தான் வருகிறது. சொந்தக்காரர்கள் உன்னை மேலும் கீழும் பார்ப்பதை அவள் பார்க்க வேண்டாம் என்று நினைக்கிறாய், அதற்குத்தானே பரீட்சை? மாமாவைப் பற்றி உனக்குக் கவலை வேண்டாம். முதலில் இரண்டு தடவை வாய் தவறிப் பழைய பெயரைச் சொல்லித் தானே நாக்கைக் கடித்துக்கொண்டார், இப்போது "என் மருமகனுக்கு வேட்டி கட்டத் தெரியுமா, இல்லை பெல்ட்டு போடணுமா" என்று மட்டும்தான் கேட்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாமா சின்னவர்கள் எல்லோருக்கும் ஒரே இளநீலத் துணி எடுத்து, கடைத்தெருவில் நமக்கு வழக்கமாகத் தைக்கும் கமருன்னிஸா அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி அக்கா அளவு நோட்டு வைத்திருப்பது உனக்குத் தெரியும். வியாழக்கிழமை துணி வாங்கப் போனேன், இலக்கியாவும் அவள் தாவணிக்கு விளிம்பு அடிக்க வந்திருந்தாள். அக்கா நம் வீட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள், உள்ளே ஒரு சுடிதார். நோட்டில் நீ பத்தாவது படித்தபோது எழுதிய அளவும் அந்தப் பழைய பெயரும் அப்படியே இருந்தன, பார்த்துத் தைத்துவிட்டாள். தவறு அவளுடையதல்ல, என்னுடையது. நான் பெண்ணில்லை, உங்கள் மகன் என்று நீ எங்களிடம் சொன்ன பிறகும், இரண்டு வருடமாகக் கடைத்தெருவில் யார் கேட்டாலும் "பிள்ளை புனேயில படிக்குது" என்று பட்டும் படாமல் சொல்லி நகர்ந்துகொண்டிருந்தவள் நான்தான். வீட்டுக்குள் என் மகன், வெளியே வெறும் பிள்ளை. அன்றைக்கும் கடையில் வேறு இரண்டு பெண்கள் இருந்தார்கள், சுடிதாரை மடித்துப் பைக்குள் திணிக்கத்தான் என் கை போனது.

இலக்கியா அதைப் பிடுங்கி மேசைமேல் போட்டாள். "அக்கா, இவங்க வீட்ல பொண்ணு கிடையாது. ஒரே பையன், நன்மாறன், என்கூடப் படிச்சவன். நோட்டுல பேரை மாத்துங்க" என்றாள். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். ஆமாம், என் மகன்தான் என்றேன். அக்கா நோட்டில் பழைய பெயரை அடித்துக்கொண்டே, "ஏன் கலைமகள், இதை மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா, ஒரு துணி வீணாப்போச்சே" என்று திட்டினாள், அவ்வளவுதான். மீதித் துணியில் சட்டை வரும், அளவுச் சட்டை ஒன்று கொண்டுவா என்றாள். உன் சட்டை முழுக்கப் புனேயில் இருக்கிறதே என்று நான் விழித்தேன். "இருங்க ஆன்ட்டி" என்று இலக்கியா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள், பத்தே நிமிஷத்தில் திரும்பி வந்தாள்.

அவள் கையில் உன் நீலக் கட்டம் போட்ட சட்டை. டியூஷன் விட்டு வரும்போது மழையில் அவளுக்குப் போர்த்தக் கொடுத்தாயாமே? அதைத் தேங்காய் பறிக்க வந்தவருக்கு அப்பா கொடுத்துவிட்டார் என்று நான் ஒரு வாரம் சண்டை போட்டேன், பாவம் அந்த மனுஷன். சட்டை துவைத்து, இஸ்திரி போட்டு, புத்தகத்துக்குள் வைத்தது போல மடிப்புக் கலையாமல் இருந்தது. "தோள்ல மட்டும் ரெண்டு இஞ்சு கூட வைங்கக்கா, போட்டோல பார்த்தேன், அகலமாயிட்டான்" என்றாள். கமருன்னிஸா அக்கா சிரித்த சிரிப்பில் இலக்கியாவின் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

வரும் வழியில் அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகத்தான், "பதிலை உங்ககிட்ட சொல்ல மாட்டேன் ஆன்ட்டி. போன்லயும் சொல்ல மாட்டேன். கேட்டவன் நேர்ல வந்து கேக்கட்டும்" என்றாள். அவள் பதிலை நான் ஊகித்து எழுதுவது முறையல்ல, அது உங்கள் இருவர் விஷயம். சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள்தான். பக்கத்தில் நான் நிற்பேன், இனிமேல் எல்லா இடத்திலும் என் மகன் என்றுதான் சொல்வேன். இவ்வளவு நாள் சொல்லாததற்கு என்னை மன்னித்துக்கொள்.

டாக்டரிடம் போகும் தேதியைத் தள்ளிப்போடாதே, மெஸ்ஸில் தயிர் புளித்திருந்தால் சாப்பிடாதே. ஆவணி பத்தாம் தேதிக்குள் ரயில் டிக்கெட் எடுத்துவிடு. நீ நினைத்தது நல்லபடி நடக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு. புதுச் சட்டை தயாராகிவிட்டது, அனுப்ப மாட்டேன், இங்கே வந்துதான் போட வேண்டும். நீலக் கட்டச் சட்டையை அவளிடம் திருப்பிக் கேட்டுப் பார்த்தேன். தரமாட்டேன் என்றுவிட்டாள்.

இப்படிக்கு,
உன் அம்மா,
கலைமகள் குணசேகரன்.