இரண்டு மணிப் பால்

மார்ச் 3, செவ்வாய்

சிட்டு பிறந்து இன்றோடு ஏழு வாரம். இரவு வேலை இன்றிலிருந்து என்னுடையது. மனைவியின் மனச்சோர்வுக்குப் பார்க்கும் டாக்டரம்மா நேற்று பட்டென்று சொல்லிவிட்டார்: "மாத்திரை பாதிதான் சார். மீதி தூக்கம். ராத்திரில ஆறு மணி நேரம் உங்க வீட்டம்மாவ யாரும் எழுப்பக் கூடாது."

இவளோ குழந்தை தூங்கும்போதும் தூங்குவதில்லை. சுவரைப் பார்த்து, கண் திறந்தபடி படுத்திருக்கிறாள். குழந்தை அழுதால் உடம்பு விறைக்கிறது. எழுந்து பால் கொடுக்கிறாள், என் கையில் தருகிறாள், மறுபடி சுவர். கேட்டால் "ஒண்ணுமில்ல".

குழந்தை நல நர்ஸ் எழுதிக்கொடுத்த தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டேன். ஏழு மணி குளியல். ஏழரைக்குப் பால். விளக்கைக் குறைக்கவும். எட்டு மணிக்கு, விழித்திருக்கும்போதே தொட்டிலில் விடவும். பிறகு பதினொன்று, இரண்டு, ஐந்து. இரவில் புட்டிப்பால். நான் லிப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடி லிப்டையே சொன்ன இடத்தில் நிற்க வைக்கிறவன். நாலரைக் கிலோ சிட்டு என்ன பெரிய விஷயம்?

மார்ச் 4, புதன்

தாளில் உள்ளபடி எதுவும் நடக்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

முதுகு மெத்தையில் பட்டதும் கண் திறக்கிறது. எப்படித் தெரிகிறதோ! நேற்று இரண்டு மணிப் பாலுக்குப் பிறகு நாற்பது நிமிடம் தோளில் போட்டு நடந்தேன். முதலில் கால், பிறகு இடுப்பு, கடைசியாகத் தலை என்று இறக்கி, அடியிலிருந்து கையை ஒவ்வொரு விரலாக உருவினேன். தூங்கிவிட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டடி நகர்ந்தேன். என் முட்டி 'மடக்'கென்றது.

வீல் என்று ஒரு கத்தல்.

என் முட்டிதான். சொன்னால் சிரிப்பார்கள். நான் அழுதேன்.

மார்ச் 9, திங்கள்

எழுதவே கை கூசுகிறது. ஆனால் எழுதத்தான் வேண்டும்.

இன்று மோட்டார் அறையில் நெட்டை (எட்டு வருடமாக என்னோடு வேலை பார்ப்பவன்) பெல்ட்டில் கை வைக்கும் முன் கேட்டான்: "மெயின் ஸ்விட்ச் ஆஃப் பண்ணிட்டியா?" பண்ணிவிட்டேன் என்றேன். பண்ணிய மாதிரியே நினைவு. அவன் எதற்கும் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். ஸ்விட்ச் ஆனில் இருந்தது.

அவனே போய் அதை அணைத்தான். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு இருக்கறது ரெண்டு கைடா. ரெண்டும் வேணும். வீட்டுக்குப் போ. லீவுக்கு நான் பேசிக்கறேன்" என்றான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 11, புதன்

நேற்று இரவு சிட்டுவைப் பார்த்துக் கத்திவிட்டேன். "என்னதான்டி வேணும் உனக்கு? சொல்லித் தொலையேன்!" ஏழெட்டு வாரக் குழந்தையிடம். ஒரு கணம் அழுகையை நிறுத்தி என்னையே பார்த்தாள். உதடு பிதுங்கியது. பிறகு அழுத அழுகை...

தொட்டிலில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பால்கனியில் நின்றேன். இருநூறு வரை எண்ணினேன். முடியாதபோது அப்படிச் செய்யலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். எண்ணும்போது எப்படி இருக்கும் என்று சொல்லவில்லை. கீழே தெருவில் ஒருத்தன் சைக்கிளில் விசிலடித்துக்கொண்டு போனான். அவனாக இருந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேனே.

மார்ச் 13, வெள்ளி



இரண்டு மணிப் பால். நாற்காலியில் முதுகு வலித்ததால் சோபாவில் உட்கார்ந்தேன். ஐந்தே நிமிடம்... கண் விழித்தால் கை காலி. மடியில் புட்டி மட்டும். குழந்தை எனக்கும் சோபாவின் கைப்பிடிக்கும் நடுவில் சரிந்து கிடக்கிறாள். முகம் மெத்தை இடுக்கில்.

வாரி எடுத்தேன். சத்தமில்லை. தொங்கிக்கொண்டு வந்தாள். பிறகு ஒரு தும்மல், ஒரு இருமல், அப்புறம் வீட்டையே தூக்குகிற மாதிரி அழுகை. "ஐயோ, அழு, நல்லா அழு கண்ணு" என்று சொல்லி, அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடினேன். தடுப்பூசி என்று இவளிடம் பொய். நன்றாக இருக்கிறாள் என்றார்கள். "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இவளிடம் சொல்வதா? ஏற்கெனவே உடைந்து கிடக்கிறாள். சொன்னால் என்ன ஆவாள்? சொல்லாமல் இன்று ராத்திரி எப்படிக் குழந்தையைத் தூக்குவேன்?

மார்ச் 14, சனி

சொல்லிவிட்டேன். சமையலறையில் சிட்டுவைத் தோளில் போட்டுப் புட்டியைக் கழுவிக்கொண்டே, உள்ளே கட்டிலில் கிடந்தவளுக்குக் கேட்கும்படி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

திரும்பினால் நிற்கிறாள். கட்டிலை விட்டு எழுந்து வந்து நிற்கிறாள்.

"சோபாலயா? சோபால வெச்சுக்கிட்டா தூங்குன?"

"கண் அசந்துட்டேன்மா."

"அறிவிருக்கா உனக்கு? முடியலன்னா என்னை எழுப்பறதுக்கென்ன? நான் செத்தா போயிட்டேன்?"

ஆறு வருடத்தில் முதல் தடவையாக என்னை 'நீ' என்றாள். தட்டைத் தூக்கிப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் எறிந்தாள். அப்புறம் சிட்டுவை என் தோளிலிருந்து பிடுங்கி, உச்சியிலிருந்து பாதம்வரை ஒவ்வொரு இடமாகத் தடவிப் பார்த்தாள். காதுக்குப் பின்னால்கூட. அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே அழுதாள். ஒரு மணி நேரம். இந்த எட்டு வாரத்தில் அவள் பேசியதை எல்லாம் சேர்த்தால்கூட அவ்வளவு வராது.

கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "அவள உன்கிட்ட விட்டுட்டு ஒதுங்கல. எழ முடியாமத்தான் சுவத்த பாத்துப் படுத்திருந்தேன்."

மார்ச் 15, ஞாயிறு

தாளைக் கிழித்துவிட்டு அவளே புதிதாக எழுதினாள். குளியல் என்னுடையது. எட்டு மணிக்கெல்லாம் நான் படுத்துவிட வேண்டும். பதினொரு மணிப் பால் அவள் கொடுப்பாள். பிறகு ஐந்து வரை அவளை எழுப்பக் கூடாது. டாக்டர் கேட்ட ஆறு மணி நேரம் சரியாக வருகிறது. இரண்டு மணி எனக்கு. "நாற்காலில. விளக்கு போட்டுக்கிட்டு. சோபா பக்கம் போனா பாருங்க."

மறுபடி 'நீங்க'. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மார்ச் 16, திங்கள்

எட்டிலிருந்து இரண்டு வரை தூங்கினேன். ஆறு மணி நேரம்!

மார்ச் 20, வெள்ளி

இன்று மறுபடி சுவர். நாள் முழுக்க. சாப்பிடவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நானாக நினைத்துக்கொண்டேனா? டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். "மேலயும் கீழயுமாத்தான் போகும். மாத்திரைய விடாதீங்க. வர்ற திங்கள் கூட்டிட்டு வாங்க" என்றார். பதினொரு மணிப் பாலை நான் கொடுத்தேன்.

மார்ச் 21, சனி

பதினொரு மணிக்கு எழுந்து வந்து, என் கையிலிருந்து புட்டியை வாங்கிக்கொண்டாள்.

மார்ச் 29, ஞாயிறு

எட்டு மணிக்கு விழித்தபடியே தொட்டிலில் விட்டோம். சிட்டு கொஞ்சம் முனகினாள், கையைச் சப்பினாள், தானாகத் தூங்கிவிட்டாள். நாங்கள் இருவரும் கதவுக்கு வெளியே திருடர்கள் மாதிரி நின்றோம். இவள் என் சட்டையைப் பிடித்திருந்தாள். மூச்சுவிடவும் பயம்.

ஏப்ரல் 6, திங்கள்

வேலைக்குத் திரும்பினேன். ஸ்விட்சை ஆஃப் செய்து, நெட்டையைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் லிப்டின் கன்ட்ரோல் பெட்டியைத் திறந்தேன். மதியம் மொட்டை மாடியிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தேன். நான்காவது ரிங்கில்தான் எடுத்தாள்.

"சாப்டியா? மாத்திரை போட்டியா? அவ என்ன பண்றா?"

"அய்யோ, அப்புறம் பேசுங்க. இவ என்னைப் பாத்துச் சிரிச்சிட்டிருக்கா, நீங்க வேற நடுவுல. வைங்க."

வைத்துவிட்டாள். அணைந்துபோன போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். "யாருடா லைன்ல?" என்று நெட்டை கேட்டான்.