கை உள்ள

என்னங்க, சாப்பாடு அடுப்பு மேல மூடி இருக்கு. விதை மூட்டையைக் கொடுத்துட்டு சாயங்காலம் வந்துடுவேன்.

காலையில தானியம் சலிக்கிற மெஷினைப் போட்டேன். சலிச்ச கல் வெளிய விழுற வாயில உங்க கையுறை கிழிஞ்சு வந்து விழுந்துச்சு. உள்ள விரல் இருக்குமோன்னு உதறினேன், கோதுமைதான் கொட்டுச்சு. குழாயடியில நீங்க செருமின பிறகுதான் எனக்கு உசிரே வந்துச்சு.

அடைப்பு எடுக்க சல்லடையில கை விட்டா "கை உள்ள"ன்னு கத்துவீங்களே. ரெண்டு நாளா பேச்சில்லைன்னு அதையுமா நிறுத்துவீங்க? நானும் கேக்காம சுவிட்சைப் போட்டேனே.

மெஷின் ஃபியூஸைப் பிடுங்கி என் பையில வச்சிருக்கேன். தேடாதீங்க.

இன்னொண்ணு. நாம சண்டை போட்ட உங்க அண்ணன் விஷயத்துல நான் சொன்னது சொன்னதுதான். கோபம்னா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே கத்துங்க. ஆனா கத்துங்க.