வாயை மட்டும் அசைத்த வரி

அக்டோபர் 4, சனி

மதியத்திலிருந்து தூறல். ஆறரை மணி சர்ச் பாடகர் குழுப் பயிற்சிக்குப் பாதிப் பேர்தான். அறுப்பின் பண்டிகைக்கு ஒரு வாரம். எனக்குத் தலைவர் பட்டம் வந்ததோடு சரி, மரியாதை இன்னும் வரவில்லை.

சாமுவேல் சந்தாபுராவிலிருந்து வந்து சேர்ந்தபோது பாதி பாட்டு முடிந்திருந்தது. "ஏன்டா லேட்டு?" "டிராஃபிக் அண்ணா." எப்போதும் அதே பதில்.

முடிவில் வழக்கம்போல, "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" "புரிஞ்சுது அண்ணா." திரும்பப் பாடினால் மூன்றாம் சரணம் அதே சவசவ.

தொண்டைக்கு அதிமதுரம் வாங்க வேண்டும். கேஸ் புக்கிங்.

5, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஆயர் ஓரமாகக் கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. பண்டிகைக்குச் சரியா வரலேன்னா கிறிஸ்துமஸ்ல இருந்து ட்ராக் போட்டுக்கலாம். சபையே சேர்ந்து பாடட்டும்."

ட்ராக் என்றால் பென் டிரைவில் இசை. குழு வேண்டாம் என்று அர்த்தம். மனசே விட்டுப்போயிற்று. மதியம் சிக்கன் இறங்கவில்லை.

என் மனைவி சாந்தியும் குழுவில்தான் பாடுகிறாள். அவளிடம் புலம்பினால், "நீங்க கேக்கறது கேள்வியாங்க? ஏன் லேட்டு, ஏன் வரல, புரிஞ்சுதா. போலீஸ் ஸ்டேஷன் மாதிரி. ஆமான்னு சொல்லித் தப்பிச்சா போதும்னு இருக்கு."

கோபம். என் தட்டை நானே கழுவினேன், நன்றாகச் சத்தம் வரும்படி.

7, செவ்வாய்

மெட்ரோவில் நின்றபடி போனில் தட்டிப் பார்த்த கேள்விகள்:
– எந்த இடம் கஷ்டம்? யாரும் வாய் திறக்க மாட்டார்கள், மானப் பிரச்சினை.
– நான் என்ன தப்பு செய்கிறேன்? கேட்க எனக்கே தைரியம் இல்லை.

மெஜஸ்டிக்கில் இறங்கும் தள்ளுமுள்ளில் இன்னொன்று தோன்றியது. குறும்பான கேள்வி. நாளை பார்க்கலாம்.

8, புதன்

பயிற்சியில் கேட்டுவிட்டேன். "எந்த இடத்துல பாடாம வாயை மட்டும் அசைக்கிறீங்க?"

எல்லாரும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். "சரி, நான் சொல்றேன். மூணாவது சரணம், மேல போற வரி. கையை ஆட்டிக்கிட்டு இருப்பேன், சத்தமே விடமாட்டேன்."

ரோசலின் அக்கா சிரித்துவிட்டார். முன் வரிசையில் அவர் குரல்தான் பெரியது. "நானும் அங்கதான் தம்பி. மத்தவங்க பாடறாங்களேன்னு தைரியமா நின்னேன்." சாமுவேல் கை தூக்கினான். சாந்தியும். பார்த்தால் அந்த வரியை யாருமே பாடவில்லை, இத்தனை நாளும் கீபோர்டு மட்டும்தான். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஸ்கேல் பழைய தலைவர் வைத்தது. இறக்கினால் கௌரவக் குறைச்சல் என்று விட்டிருந்தேன். "எவ்ளோ இறக்கினா எல்லாராலயும் முடியும்?" கீபோர்டு பிரவீன், "ஸ்வல்ப இறக்கிப் பாக்கலாம்ணா" என்று ஒரு கட்டை இறக்கினான். பாடினோம். மேல் வரியில் முதல் தடவையாகக் குரல் கேட்டது.

சாமுவேலிடம், "எத்தனை மணின்னா உனக்குத் தோது?" "ஏழரைண்ணா. ஷிப்ட் முடியறதே ஆறுக்கு." ஆறு மாதமாக டிராஃபிக் என்றவன். சனிக்கிழமை ஏழரை என்று முடிவு.

11, சனி

நல்ல மழை. இருந்தும் எல்லாரும் வந்தார்கள். சாமுவேல் எனக்கு முன்னாலேயே.

வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி. இன்று தூக்கம் வரும் என்று தோன்றவில்லை, பயம் பாதி, ஆசை பாதி.

12, ஞாயிறு

பூசணி, கரும்பு, வாழைத்தார் நடுவே நின்று பாடினோம். மேல் வரி வந்தது. ரோசலின் அக்காவின் குரல் முழுசாகக் கேட்டது, அதோடு எல்லாருடையதும். கண் கலங்கியதில் என் கை தாளம் தப்பியது. நல்லவேளை, யாரும் என்னைப் பார்க்கவில்லை.

காய்கறி ஏலத்துக்கு நடுவே ஆயர் வந்தார். "கிறிஸ்துமஸுக்கு எத்தனை பாட்டு தம்பி, குழு பாடறது?"

"அவங்களைக் கேட்டுச் சொல்றேன் ஐயா."

பிரியாணி வரிசையிலேயே கேட்டேன், "உங்களுக்கு எதைப் பாட ஆசை?"

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒன்றுமே காதில் விழவில்லை.