சூடு தெரியாத வலது கை

அண்ணா,

இன்று காலை படூரில், கல்லூரி வாசலில் டீ நீட்டிய கடைக்காரரின் மணிக்கட்டில் புதிதாகக் கட்டிய மஞ்சள் கயிறு இருந்தது. ஈர மஞ்சள் வாசனை டீயின் ஆவியோடு சேர்ந்து வந்தது. ஆடி பிறந்துவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. கிளாஸை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

போன ஆடியில், நம் ஊர் கடப்பாக்கத்தில் அம்மனுக்குக் காப்புக் கட்டிய மறுநாள் உனக்கு நெஞ்சு வலி வந்தது. காப்புக் கட்டியவன் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. உன்னைத் தாண்ட வைத்துச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வலது மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு இதயத்தைப் பார்க்க வேண்டும், கயிற்றைக் கழற்றுங்கள் என்றார் நர்ஸ்.

"எல்லைய தாண்டினதே தப்பு சிஸ்டர். இதையும் அவுத்துட்டு அம்மா மொகத்துல எப்டி முழிக்கிறது?"

"அப்ப எங்க ஊசி போடுறதுன்னு உங்க அம்மாவையே கேட்டுச் சொல்லுங்க."

"கேட்டேன். இடது கைக்கு மாத்திக்கோன்னா."

நர்ஸ் சிரித்துவிட்டார். முடிச்சை நான்தான் அவிழ்த்தேன்; கீழே வைக்காமல் மறு கையில் கட்டினேன். பெரிய அடைப்பு இல்லை, மாத்திரை போதும் என்று அனுப்பினார்கள். கையில் எதையும் இறுக்கிக் கட்டக் கூடாது, விரல் சில்லிட்டாலோ மரத்துப்போனாலோ உடனே வர வேண்டும் என்று நர்ஸ் சொன்னதற்கு நன்றாகத் தலையாட்டினாய். வீடு சேர்ந்த அன்றே கயிற்றை வலது கையில், பிளாஸ்திரியின் மேலேயே, இறுக்கிக் கட்டிக்கொண்டாய் என்று அண்ணி சொல்லிப் பிறகுதான் தெரிந்தது.

கூழ் ஊற்றும் நாளில் ஊருக்கு வந்தேன். அடுப்பிலிருந்து இறக்கும்போது அண்டாவின் ஒரு வளையத்தை நீ வெறுங்கையால் பிடித்தாய். மறு வளையத்தைத் துணி வைத்துப் பிடித்திருந்தவர் அலறினார்.

"அண்ணாத்த, வுடு! கை வெந்துடும்!"

"சுடலியேடா," என்றாய். அதில் ஒரு பெருமை இருந்தது.

"ஆத்தா அவன் கைல எறங்கிகீறா!" என்று யாரோ சொன்னார்கள். சுற்றி நின்றவர்கள் 'ஓம் சக்தி' என்று கூவினார்கள். ஒரு அம்மாள் உன் கையில் விபூதி பூசினாள். நான் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தேன். உள்ளங்கை சிவந்திருந்தது. விரல்கள் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன்போல வெளுத்துச் சில்லென்று இருந்தன.

"எப்பலேந்து இப்டி கீது?"

"வந்ததுலேந்துதான். ஊசி போட்ட மரப்புன்னு வுட்டுட்டேன். இப்பதான் புரியுது, அம்மா வேல."

"கெளம்பு."

"காப்பு அவுக்கட்டும் பாப்பா."

"லோடு ஆட்டோவ நாளைக்கு எந்தக் கையால முறுக்குவ? அம்மா வந்து முறுக்குவாளா?"

நீ பூசாரியிடம் போய், காப்பை அவிழ்க்கச் சொல்லிக் கையை நீட்டினாய்.

மணிக்கட்டில் நாடி இல்லை என்றார் டாக்டர். குழாய் விட்ட இடத்தில் ரத்தம் உறைந்து அடைத்துவிட்டதாம். "கைக்கு ரத்தம் போக ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு அடைச்சா இன்னொண்ணு தாங்கிக்கும், நிறைய பேருக்குத் தெரியவே தெரியாது. உங்களுக்கு ரெண்டாவது கொஞ்சம் சின்னது." கயிறுதான் காரணமா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, கட்டாதவர்களுக்கும் உறையும், ஆனால் முன்பே வந்திருக்கலாம் என்றார்.

ரத்தம் உறையாமலிருக்க மருந்து ஏற்றினார்கள். கை பிழைத்தது. கட்டைவிரலும் பக்கத்து விரலும் மட்டும் மந்தமாகவே நின்றுவிட்டன. எவ்வளவு முறுக்குகிறோம் என்று கைக்குத் தெரியாததால், இன்ஜின் சத்தத்தைக் கேட்டே மீன் லோடு ஓட்டினாய். படூர்ப் பக்கம் வரும்போதெல்லாம் இதே கடையில் உன் கிளாஸை என்னிடம் நீட்டுவாய்.

"சூடு பாத்து சொல்லு பாப்பா."

"இடது கையால நீயே பாக்கறதுதான?"

"அதுல போன் கீதே."

நான் விரல் வைத்துப் பார்த்து, "இப்ப குடி" என்பேன். அப்புறம்தான் குடிப்பாய்.

சித்திரையில், கடப்பாக்கம் கரையில், லோடு ஏற்றிய ஆட்டோவில் உட்கார்ந்தபடியே போய்விட்டாய். இதயம்தான், கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். சரி என்றேன். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டேன். அண்ணி என் தோளைப் பிடித்து உலுக்கி, அழுதுடு என்றாள். யாரோ யாரையோ உலுக்குவதுபோல இருந்தது. அன்றிலிருந்து அப்படியேதான் இருக்கிறேன். வேலைக்குப் போகிறேன், வருகிறேன்.

இன்று டீ கிளாஸின் மேல் விரலை வைத்துக்கொண்டே நின்றிருக்கிறேன். "இப்ப குடி," என்று வாய் சொல்லிவிட்டது.

"இன்னாக்கா?" என்றார் கடைக்காரர்.

"ஒண்ணுமில்ல."

எனக்குள் மற்றதெல்லாம் மரத்துத்தான் கிடக்கிறது, அண்ணா. உனக்குச் சூடு பார்த்த விரல் மட்டும் இன்னும் சுடுகிறது.