யார் பெயருக்கு ஊதுவது

அன்புள்ள அம்மாவுக்கு, யுன்ஷியா வணங்கி எழுதுவது. உங்கள் முட்டிவலி குறைந்ததா? நான் சுகம். மலைக்கோயிலில் பனி விழத் தொடங்கிவிட்டது. தினமும் முட்டைக்கோஸ்தான் சாப்பாடு.

நேற்று ஒரு சின்ன விஷயம் நடந்தது. இறந்தவர்களைக் கரையேற்ற வாசிக்கும் இசையைப் பதிவு செய்யத்தானே வந்திருக்கிறேன். மைக்கை வைத்துவிட்டு, "சும்மா ஒருதரம் ஊதிக் காட்டுங்க சாமி" என்றேன். துறவி ஷிங்ஹாய் குழலைக் கீழே வைத்துவிட்டார்.

"செத்தவங்க பேரு இல்லாம இதை ஊதக் கூடாதும்மா. ஊதினா, வழியில திரியிற பேயெல்லாம் வந்து நிக்கும். அதுங்களுக்கு நீயா கஞ்சி ஊத்துவ?"

கூட இருந்த துறவிகள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் மஞ்சள் காகிதத்தையும் தூரிகையையும் எடுத்து, "யார் பேரு?" என்றார்.

அப்பா பெயர் வாயில் வந்துவிட்டது.

சுரங்க வேலைக்குப் போனவர் திரும்பவில்லை, நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வந்துவிடுவார் என்று நீங்கள் இன்னும் கதவைத் தாழிடாமல்தான் தூங்குகிறீர்கள். இறந்த நாள் எது என்று துறவி கேட்டார், தெரியாது என்றேன். அந்த இடத்தை வெறுமையாக விட்டு எழுதினார். குழல் ஊதி முடித்ததும் காகிதத்தை எரித்தார்கள். பதிவு நன்றாக வந்திருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் என் இருமல் விழுந்திருக்கிறது.

கோபப்படாதீர்கள். கம்பளிக் காலுறை இருந்தால் அனுப்புங்கள். தபால் வண்டி கீழே ஹார்ன் அடிக்கிறது, முடிக்கிறேன்.

அங்கேயும் குளிர் வந்திருக்கும். இனிமேல் கதவைத் தாழிட்டுத் தூங்குங்கள், அம்மா.

உங்கள் யுன்ஷியா